மரையாணியின் பிடிப்பு

நம் நாட்டுச் சாலைகளிலே புதிய மோட்டார் சைக்கிள்களுக்கிடையே முதுமை எய்திய வண்டிகள் சிலவும் ஓடக் காண்கிறோம். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டிகளும், 1961-ஆம் ஆண்டு முதல் மைசூரில் உருவான ஜாவா வண்டிகளும் அத்தகையன. பெரும் பழுதுகளைத் திருத்துவதால் மட்டும் ஓர் இயந்திரம் இவ்வாறு நீடு வாழ்ந்துவிடாது. சிறு உறுப்புகளையும் காலமறிந்து பேணுதல் வேண்டும். அத்தகைய சிறு உறுப்புகளுள் ஒன்று, புகைக்குழாயை எஞ்சினோடு பிணைக்கும் மரையாணி. தொழிலாளர் மரையாணியைப் போல்ட் என்றும், அதன்மேல் திருகப்படும் மரையை நட் என்றும் வழங்குவர்.

எஞ்சினுக்குள் எரிந்த வாயு சிலிண்டரின் ஒரு வாயில் வழியே வெளியேறுகிறது. அவ்வாயிலில் புகைக்குழாயின் முன்முனை பொருந்தியிருக்கும். இரண்டிற்கும் நடுவே கேஸ்கட் எனப்படும் மெல்லிய வளையம் இருந்து, வாயு கசியாமல் காக்கும். பல வண்டிகளில் குழாயின் முனையில் ஒரு தகடு உண்டு. சிலிண்டர் தலைப்பகுதியில் பதித்த ஸ்டட் என்னும் ஆணிகள் இரண்டு அத்தகட்டின் துளைகள் வழியே வெளிவரும். அவற்றின்மேல் நட்டுகள் முடுக்கப்படும். ஜாவா போன்ற வண்டிகளிலோ, குழாயைச் சுற்றியமைந்த பெரிய வளைய மரை ஒன்றே அதனைச் சிலிண்டரோடு இறுக்கும். அமைப்பு எதுவாயினும், நாளடைவில் இவை தளர்வது இயல்பு. அசையாதிருக்கும் பொருள்களைப் பிணைத்த மரை ஆண்டுக்கணக்கில் இறுகியிருக்க, இது மட்டும் தளர்வானேன்?

முதற் காரணம் வெப்பம். வண்டி ஓடும்போது வெளிவரும் வாயுவின் வெப்பம் பல நூறு டிகிரியாகும். வெப்பம் மிகுந்தால் உலோகங்கள் விரியும். எனினும் எல்லா உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேலும் சூடாக்கினால் அது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். அலுமினியக் கம்பியோ ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளும். எனவே, எஃகு ஆணியைப் பற்றியிருக்கும் அலுமினியத் துளை சூடேறுந்தோறும் ஆணியைவிட மிகுதியாக விரிகிறது, ஆறுந்தோறும் சுருங்குகிறது. இவ்விரிவிலும் சுருக்கத்திலும் மென்மையான கேஸ்கட் நசுங்கித் தட்டையாகிறது. நசுங்கிய கேஸ்கட் பழைய பருமனை மீண்டும் அடையாது. அது மெலிந்த அளவுக்கு மரையாணியின் பிடிப்பும் குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் அதிர்வு. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை புகை வெளியேறும். எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 முறை சுழல்வதாகக் கொண்டால், அவ்வொரு நிமிடத்தில் 2,000 முறை வாயு குழாயினுள் பாய்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் இத்தொகை 1,20,000 ஆகும். இவற்றோடு எஞ்சினின் நடுக்கமும் சாலையின் மேடு பள்ளங்களும் சேர்ந்து குழாயை ஓயாது அசைக்கின்றன.

இங்கு ஓர் உண்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். நட்டை முடுக்கும்போது மரையாணி மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட ஆணி, இழுத்த சுருள்வில்லைப் போன்று, மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே இரு பகுதிகளையும் சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே நட்டைத் திரும்பிவிடாமல் காக்கிறது. ஆணியின் இழுவிசை குறைந்தால் உராய்வும் குறையும். பிணைத்த பகுதிகள் பக்கவாட்டில் நழுவி அசையுமாயின், எவரும் தொடாமலே நட்டு தானே மெல்ல மெல்லக் கழலும். ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகப் புலப்படுத்தியது.

இதிலிருந்து மூன்றாவது காரணமும் விளங்கும். புகைக்குழாயும் அதன் பின்னே நீண்ட சைலன்சரும் எடை மிக்கவை. அவ்வெடையைத் தாங்குவதற்கென்றே வண்டியின் சட்டத்தில் தாங்கிகள் உள்ளன. பின்புறத் தாங்கியின் போல்ட் கழன்றோ முறிந்தோ போனால் சைலன்சர் தொங்கி ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் முன்புற நட்டுகளின் தலையில் விழும். முன்னே உள்ள நட்டு அடிக்கடி தளர்கிறது என்று அதனையே மீண்டும் மீண்டும் முடுக்குவோர் பலர். நோய் பின்னே இருக்க, முன்னே மருந்திடுவதால் பயன் யாது?

தளர்ச்சியை வண்டியே முன்கூட்டி அறிவிக்கும். எஞ்சினின் அருகே ‘டிக் டிக்’ என்ற ஓசை எழும். குழாய் பொருந்துமிடத்தைச் சுற்றிக் கரி படியும். நான்கு வீச்சு வண்டியில், வேகத்தைக் குறைக்கும்போது வெளிக்காற்று உட்புகுந்து சைலன்சரில் வெடியோசை கேட்கும். இவ்வறிகுறிகளைப் புறக்கணித்தால் கேஸ்கட் எரியும், தகடு தேயும், ஆணி முறியும். ஓடும் வண்டியிலிருந்து குழாய் கழன்று தொங்குமாயின், ஏறிச் செல்பவருக்கும் பின்வருபவருக்கும் உயிருக்கே தீங்கு நேரலாம். கசிவைக் கண்டறியும் பொருட்டுக் கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதலும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. அது தன் வரவை அறிவிக்காமலே உயிரைக் கவரும்.

குழாயைப் பொருத்துவதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே கை வைத்தல் வேண்டும். பழைய கேஸ்கட்டை நீக்கி, பொருந்துமிடத்தைச் சுத்தம் செய்து, புதியதை இடவேண்டும். முன்புற நட்டுகளையும் தாங்கிகளின் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகிக் குழாயைத் தன்னியல்பில் அமரவிட வேண்டும். கோணலாக நிற்கும் குழாயை நட்டின் வலிமையால் இழுத்துப் பொருத்தினால், ஆணி அன்று முதலே வருந்தும். பின்னர் இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குதல் வேண்டும். ஒன்றை முற்றும் இறுக்கிய பிறகு மற்றதைத் தொட்டால் தகடு சாயும். இறுதியில் தாங்கிகளை இறுக்க வேண்டும். வளைய மரையாயின் அதற்குரிய கொக்கி ஸ்பானரையே பயன்படுத்த வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு தட்டினால் அதன் பற்கள் உடையும்.

முதற்பயணம் முடிந்து எஞ்சின் ஆறியதும் நட்டுகளை மறுபடியும் சோதித்து முடுக்குதல் இன்றியமையாதது; புதிய கேஸ்கட் முதல் வெப்பத்திலேயே பெரிதும் நசுங்கிவிடும். அதன்பின், எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒருகால் பார்த்தால் போதும். நட்டின்மீதும் தகட்டின்மீதும் நேராக ஒரு கோடு கீறி வைத்தால், கோடு விலகியதைக் கண்டே தளர்ச்சியை உணரலாம். நைலான் வளையமுள்ள நட்டு இவ்விடத்து வெப்பத்தைத் தாங்காது. சுருள் வாஷரும் வெப்பத்தால் தன் விறைப்பை இழந்துவிடும். எனவே, வெப்பத்தைத் தாங்கும் முழு உலோக நட்டுகளே இங்கு ஏற்றவை.

இறுக்கம் நன்று என்று கருதி அளவு கடந்து இறுக்குவோரும் உளர். அலுமினியம் மென்மையானது, மிகையாக முடுக்கினால் அதன் மரைகள் அரைந்துபோகும். ஆணியும் மீள முடியாதபடி நீண்டு தன் வில்தன்மையை இழக்கும். சிலிண்டர் தலைப்பகுதிக்குள் முறிந்த ஆணியைத் துளையிட்டு எடுப்பது அரிய வேலை; செலவும் மிகுதி. ஆதலால், தயாரிப்பாளர் தம் கையேட்டில் குறித்துள்ள அளவே நமக்கு வரம்பு. அவ்வளவை அறிந்து முடுக்க, டார்க் ஸ்பானர் என்னும் கருவி துணைசெய்யும். துருப்பிடித்த நட்டு கழலாதபோது, கசிந்து உட்புகும் எண்ணெயை இட்டுப் பொறுத்திருத்தலே அறிவுடைமை.

ஓர் ஆணி, இரண்டு நட்டுகள், ஒரு மெல்லிய வளையம். இவற்றின் விலை சிறிது. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆகும் நேரம் அதனினும் சிறிது. ஆயினும் இவை தளர்ந்த வண்டியில் ஏறிச் செல்பவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். ஏன் தளர்கிறது என்று ஆராய்ந்து, காரணத்தை நீக்கி, அளவறிந்து இறுக்குபவரிடம் பழைய இயந்திரமும் பல்லாண்டு பணிபுரியும்.