ஸ்கூட் என்னும் மூலதனம்

ரம்மியில் ஜயிப்பவன் நல்ல சீட்டு வாய்த்தவனே என்று பொதுஜனம் எண்ணுவது இயல்புதான். ஆனால் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், பொம்மைகளும் பியூஸ் கேரியர்களும் சூளையில் வெந்துகொண்டிருக்கும் இரவுகளில், தோற்றவர் டீக்காசு கொடுப்பது என்பதைத் தவிர வேறு பணயமின்றி நூற்றியொன்று ஆட்டத்தை நெடுங்காலம் ஆடிவந்த எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம், மோசமான சீட்டை எப்போது, என்ன விலைக்குக் கீழே வைப்பது என்று அறிந்தவனே கடைசிவரை பலகையில் உட்கார்ந்திருப்பான் என்பதாகும்.

விதியை ஒருமுறை நினைவூட்டுகிறேன். பதின்மூன்று சீட்டையும் பார்த்தவுடன், ஒரு சீட்டும் எடுக்காமல் விலகினால் ஸ்கூட், 20 புள்ளி. எடுத்துப் பார்த்தபின் விலகினால் மிடில் ஸ்கூட், 40. ஜோக்கர் கலவாத ஒரிஜினல் ரம்மி இல்லாமல் பிறர் ஆட்டத்தை முடிக்கும்போது அகப்பட்டால், கையிலுள்ளதெல்லாம் எண்ணப்பட்டு உச்சவரம்பு 80. நூற்றியொன்றைத் தொட்டவன் வெளியேற வேண்டும். ஆகவே ஒருவன் கையில் சீட்டைப் போலவே இன்னொரு செல்வமும் இருக்கிறது. அது மிச்சமுள்ள ஸ்கூட்டுகளின் எண்ணிக்கை. பூஜ்யத்தில் இருப்பவனுக்கு ஐந்து ஸ்கூட் உண்டு. 40இல் இருப்பவனுக்கு மூன்று. 41இல் இருப்பவனுக்கோ இரண்டே. நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் இடையிலுள்ள அந்த ஒற்றைப் புள்ளியின் விலை ஒரு முழு ஸ்கூட் என்பதைப் பல ஆண்டு ஆடியவர்களும் கவனிப்பதில்லை. உங்கள் கணக்கில் 32 இருந்து, எதிராளி முடிக்கப்போகிறான் என்ற குறிப்பும் தெரிந்து, சேராத சீட்டுகளாக ஒரு எட்டும் ஒரு ஒன்பதும் எஞ்சியிருந்தால், முதலில் இறக்க வேண்டியது ஒன்பதே. எட்டோடு அகப்பட்டால் நாற்பதில் நிற்பீர்கள்.

ஆடுவதா, விலகுவதா என்ற தீர்மானத்துக்கு வருவோம். ஐவர் ஆடும் பலகையில், சாதாரணச் சீட்டுக்கு ஜயிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றும், தோற்றால் சராசரியாக 35 ஏறும் என்றும் வைத்துக்கொண்டால், ஆடுவதன் உத்தேச நஷ்டம் 28. ஸ்கூட்டோ இருபதில் முடிகிறது. ஒரிஜினல் கையிலேயே அமைந்து, ஒரு ஜோக்கரும் துணைக்கு நின்று, வாய்ப்புச் சரிபாதியாக உயர்ந்து, தோற்றாலும் முப்பதுக்கு மேல் ஏறாது என்றால், நஷ்டம் பதினைந்தாகிவிடுகிறது, தயங்காமல் ஆடலாம். “ஒரு ரவுண்டு பார்த்துட்டு விடலாம்ப்பா” என்பார்கள் எங்கள் கூட்டாளிகள். அந்த ஒரு ரவுண்டின் விலை மேலும் 20 என்பதை மறந்து சொல்லும் சொல் அது. விரிசல் கண்ட பச்சைப் பொம்மையைச் சூளைக்கு முன்பே ஒதுக்கினால் மண்ணையாவது மறுபடி கரைத்துக்கொள்ளலாம், வெந்தபின் மண்ணும் போயிற்று, எரிபொருளும் போயிற்று என்பது எங்கள் ஊரில் தொழில் பழகும் பையனுக்கும் தெரியும். அவனே சீட்டெடுத்தால் அதை மறந்துவிடுகிறான்.

சீட்டின் தரத்தை நிர்ணயிக்கையில் காத்திருப்பின் வகையைப் பாருங்கள். இரண்டு கட்டு வைத்து ஆடும் ஆட்டத்தில் ஸ்பேடு ஆறும் ஏழும் இருந்தால், ஐந்து, எட்டு ஆகிய இரண்டும் உதவுமாதலால் நான்கு சீட்டுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. ஆறும் எட்டும் இருந்தால் ஏழு மட்டுமே, அதுவும் இரண்டு சீட்டுதான். அந்த ஏழே ஜோக்கராக விழுந்துவிட்டால் ஒருவரும் அதைக் கீழே போடமாட்டார். அந்த நம்பிக்கையை அப்போதே கைவிடுவது விவேகம்.

இதைவிட நுட்பமானது மற்றவரின் நிலையை அறிதல். ஐந்து ஸ்கூட் கைவசம் உள்ளவன் விலகாமல் சீட்டெடுத்தால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்று பொருள். 81ஐத் தொட்டவன் எடுத்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, ஏனெனில் ஸ்கூட் போட்டாலே அவன் வெளியே. பின்னவனுக்கு அஞ்சி நல்ல சீட்டை மடக்குவோர் அநேகர். முன்னவனிடமோ தைரியமாகப் போய்ச் சிக்கிக்கொள்வார்கள். கடைசியில் உட்கார்ந்தவனுக்கு இதில் தனிச் சலுகை உண்டு: முன்னால் மூவர் ஸ்கூட் போட்டதைக் கண்டபின் அவன் தீர்மானிக்கிறான், எஞ்சியவர் குறையக் குறையச் சுமாரான சீட்டும் ஆடத் தகுந்ததாகிவிடும்.

போக்கர் வகைகளில் லிமிட் ஹோல்டெம் என்பதும் இத்தகையதே. பணயத்தின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால், தீர்மானம் துணிச்சலைவிடக் கணக்கையே சார்ந்து நிற்கிறது. கானடா தேசத்து ஆல்பர்ட்டா சர்வகலாசாலையினர் 2015இல், இருவர் ஆடும் அவ்வாட்டத்துக்கு ஏறக்குறைய பூரணமான ஆட்டமுறையைச் சீஃபியஸ் என்ற கணினி நிரலின் மூலம் கண்டறிந்தபோது, சீட்டுப் போடுபவனுக்கு அனுகூலம் உண்டு என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதல் சுற்றுக்குப் பின் அவனே கடைசியாகப் பேசுகிறவன் என்பதை நோக்கினால், எங்கள் கடைசி இடத்துக்காரரின் சலுகை விளங்கும்.

1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமாகக் கருதியது, விழும் சீட்டுகளை நினைவில் இருத்தலையும், எதை வைத்து எதை விடுவது என்ற விவேகத்தையும் முன்னிட்டே. அத்தீர்ப்பைக் கேடயமாக்கிக் கைப்பேசியில் பணத்தை வாரி இறைக்கச் செய்த வியாபாரம் வேறு விஷயம். 2025இல் மத்திய அரசு அதற்குத் தடைச் சட்டம் இயற்றியதில் எனக்குத் திருப்தியே. டீக்காசுக்கு ஆடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் மாத்திரம் உண்டு: புள்ளி எழுதும் காகிதத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில், அவருக்கு மிச்சமுள்ள ஸ்கூட் எத்தனை என்பதையும் எழுதி வையுங்கள்.