உருசிய மொழியும் தமிழ் மாணவரும்

சென்னையின் தென்புறத்தே, பரங்கிமலையை அடுத்த நந்தம்பாக்கத்தில், 1960-களில் சோவியத்து நாட்டின் துணையோடு அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று அமைந்தது. அக்காலத்தில் பொறிகளோடு நூல்களும் அந்நாட்டிலிருந்து வந்தன. 1951-இல் சென்னையில் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றைக் குறைந்த விலையில் பரப்பியது. டால்ஸ்டாயும் செகாவும் கார்க்கியும் தமிழர்க்கு அறிமுகமாயினர். எனினும் அவர்தம் படைப்புகளுட் பல உருசியத்திலிருந்து நேரே வந்தவை அல்ல. ஆங்கிலத்தின் வழியே வந்தவை.

இடையில் ஒரு மொழி புகுந்தால் பொருள் தேய்வது இயல்பு. உருசிய மொழியில் ‘நீ’ என்பதற்கு ஒரு சொல்லும் ‘நீங்கள்’ என்பதற்கு வேறொரு சொல்லும் உள்ளன. இக்கால ஆங்கிலத்திலோ இரண்டற்கும் ஒரே சொல்தான். ‘நீங்கள்’ என்று பேசிவந்த இருவர் திடீரென ‘நீ’ என்று பேசத் தொடங்கினால், அங்கே நட்போ சினமோ பிறந்தது எனத் தமிழ்ச் சிறுவனும் உணர்வான். ஆங்கிலத்தின் வழியே வருங்கால் அக்குறிப்பு மறைகிறது. மொழிபெயர்ப்பாளர் ஊகித்தே எழுத நேர்கிறது. இரு மொழிக்கும் பொதுவான செல்வம் இடைவழியில் தொலைந்துவிடுகிறது.

உருசிய எழுத்துகள் 33, வேற்றுமைகள் ஆறு. எட்டு வேற்றுமை கற்ற தமிழ் மாணவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ‘எத்த க்னீகா’ என்பதை ‘இது நூல்’ எனச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தமிழர் தம் பெயர்முன் இடுவர். உருசியர் தந்தை பெயரையே தம் பெயரின் நடுவே அமைப்பர். வினைச்சொற்களின் நுட்பமும் மெல்லொலிகளும் மட்டும் நீண்ட பயிற்சியால் கைவருவன.

உருசியர் தமிழைத் தமிழாகவே கற்றனர். இசைவாணர் கெராசிம் லெபெதெவ் 1785-இல் சென்னைக்கு வந்து தமிழ் பயின்றார். பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–உருசிய அகராதி 1960-இல் வெளிவந்தது. 2020-இல் மறைந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்தார். தமிழர் தரப்பிலும் பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றோர் மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்ப்புப் பணி ஆற்றினர். 1991-இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் அந்த நூல்வரத்து நின்றுபோயிற்று. இனி அப்பாலத்தைக் காப்பவர் உருசியம் கற்கும் மாணவரே.

அதற்கு வாயில்கள் அடைபடவில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களின் மாணவர், சென்னை ஆழ்வார்ப்பேட்டையிலுள்ள உருசியப் பண்பாட்டு நிலையத்தில் மொழிப் பயிற்சியைத் தொடங்கலாம். பட்டம் பெற விழைவோர்க்குப் புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உருசியத் துறை உள்ளது. ஆண்டுதோறும் மருத்துவம் பயில உருசியா செல்லும் தமிழ் மாணவர்க்கும் இம்மொழி இன்றியமையாதது. நோயாளியின் குறையை அவர்தம் மொழியிலன்றி எவ்வாறு கேட்டறிவது? மூலமொழியில் நாளிதழ் படிப்பவரும் ஒலிபரப்புக் கேட்பவரும், ஒரு செய்தியைப் பல தரப்பினர் எவ்வாறு கூறுகின்றனர் என ஒப்பிட்டுத் தாமே தெளிவர்.

பிறர் கண்ணால் ஒரு நாட்டைக் காண்பது எளிது. தம் கண்ணால் காண்பது அரிது. அவ்வரிய செயலை ஆற்றத் துணைசெய்வதே மொழிக்கல்வி.