மின்சாரம் போய் வந்ததும் உங்கள் மோடம் கேட்கும் கேள்வி

மாணவர்களே, மாலை நேரத்து இடி மழை சுங்கை பாக்காப்பில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. மின்சாரம் ஒரு நிமிடம் போய்த் திரும்பி வருகிறது. காற்றாடி சுற்றத் தொடங்குகிறது. மூலையில் இருக்கும் மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. சற்று நேரத்தில் இணையம் கிடைத்துவிட்டால் நாம் அதை மறந்துவிடுவோம். ஆனால் அதே வேளையில் உங்கள் தாமானில் உள்ள எல்லா மோடங்களும் ஒன்றாக விழித்துக்கொண்டு, எங்கோ இருக்கும் ஒரு செர்வரிடம் 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று கேட்டிருக்கும். யாருக்கு எந்த முகவரி என்பதை அந்தச் செர்வர் எப்படி முடிவு செய்கிறது?

முகவரி என்று இங்கே சொல்வது ஐபி முகவரியை. இணையத்தில் உங்களுக்கு வரும் ஒவ்வொரு தகவலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தம் 4,294,967,296 எண்களே உண்டு. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்தது. மலேசியா உட்பட ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு எண்களைப் பிரித்துத் தரும் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அப்போது அந்தத் தொகுதியிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள்தான் கிடைத்தன. ஆகவே வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரியை நிரந்தரமாக எழுதிக் கொடுப்பது பல நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. முகவரிகளை ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு, இணைப்பில் இருப்பவருக்குக் கொடுத்து, அவர் போனதும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தொழில் செய்பவர்கள் இதை 'பூல்' என்பார்கள். (இந்தத் தட்டுப்பாட்டுக்கு நிரந்தரத் தீர்வு ஐபிவி6. அதற்கான தேசிய ஆய்வு மையம் நம் பினாங்கில்தான், யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது.)

மோடம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகிறது. இணைய நிறுவனத்தின் நுழைவாயில் கருவி அதை வாங்கி, 'இவர் நம்மவரா?' என்று ஒரு சரிபார்ப்புச் செர்வரிடம் கேட்கிறது. இந்தக் கேள்வி பதிலுக்கான மொழியின் பெயர் ரேடியஸ். அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த மெரிட் என்னும் கல்வி வலையமைப்பின் தேவைக்காக, லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் 1991-இல் இதை உருவாக்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை அழைத்த காலம் அது. இன்று பரவலாகப் பயன்படும் ரேடியஸ் செர்வர்களில் ஒன்று ஃப்ரீரேடியஸ். 1999-இல் தொடங்கப்பட்ட திறந்தமூல மென்பொருள் என்பதால் யாரும் அதன் உள்ளே திறந்து பார்க்கலாம். நாமும் பார்ப்போம்.

ஒரு தங்கும் விடுதியைக் கற்பனை செய்யுங்கள். இரண்டு கவுண்டர்கள், கவுண்டருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். இருவரும் தத்தம் நோட்டைப் பார்த்து '7-ஆம் அறை காலி' என்று இரண்டு குடும்பங்களுக்கும் சாவி கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பெரிய நிறுவனங்களில் ரேடியஸ் செர்வர் ஒன்று மட்டும் இருக்காது; ஒன்று பழுதானால் மற்றொன்று வேலை செய்ய வேண்டுமே. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பில் குறித்துக்கொண்டால் ஒரே முகவரி இரண்டு வீடுகளுக்குப் போகும். இரண்டு வீட்டிலும் இணையம் தடுமாறும். அதனால்தான் நோட்டை எடுத்துவிட்டு, எல்லாச் செர்வர்களும் பார்க்கும் ஒரே தரவுத்தளத்தை வைத்தார்கள். படிவம் 5-இல் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு எஸ்.கியூ.எல். பழக்கமாயிருக்கும். அதேதான்.

ஃப்ரீரேடியஸ் பயன்படுத்தும் அட்டவணை மிக எளியது. ஒரு முகவரிக்கு ஒரு வரிசை. அதில் தொகுப்பின் பெயர், முகவரி, வாங்கியவரின் பயனர் பெயர், நுழைவாயில் கருவியின் முகவரி, வாங்கியவரை அடையாளம் காட்டும் சாவி, குத்தகை முடியும் நேரம். 'காலியா, இல்லையா' என்று தனிக் கட்டமே கிடையாது. குத்தகை முடியும் நேரம் கடந்துவிட்டால் அது காலி, அவ்வளவுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது.

ஏன் அப்படி? நீங்கள் இணைப்பைத் துண்டித்ததும் நுழைவாயில் கருவி 'முடிந்தது' என்று செர்வருக்குத் தகவல் அனுப்பும், முகவரி விடுதலையாகும். ஆனால் அந்தக் கருவியே இடியில் அணைந்துபோனால் அந்தத் தகவலை அனுப்ப யார் இருக்கிறார்கள்? சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் போன விருந்தாளியைப் போல அந்த முகவரி மாட்டிக்கொள்ளும். குத்தகை நேரம் இருப்பதால், யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் முகவரி தானாகத் திரும்பிவிடும்.

குத்தகைக் காலத்தை முடிவு செய்வது நிர்வாகியின் கையில். இங்கேதான் தவறு நேரும். இணைப்பு உயிரோடு இருக்கும்வரை கருவி அவ்வப்போது 'இன்னும் இருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் குத்தகை நீளும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தத் தகவல் வருகிறது, குத்தகையும் 10 நிமிடம் என்று வையுங்கள். ஒரே ஒரு தகவல் வழியில் தொலைந்தால், படம் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகவரி காலி என்று கணக்காகி வேறொருவருக்குப் போய்விடும். குத்தகை 30 நிமிடம் என்றால் ஒரு தகவல் தொலைந்தாலும் ஆபத்தில்லை. அதற்காக ஒரு நாள் என்று வைத்தால், மாட்டிக்கொண்ட முகவரிகள் நாள் முழுதும் வீணாகக் கிடக்கும்.

இனி நம் தாமானுக்கு வருவோம். கணக்குக்காக, தொகுப்பில் 300 முகவரிகள், இணைப்பில் 260 வீடுகள். மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது. பழைய இணைப்புகள் அறுந்துவிட்டதை நுழைவாயில் கருவி உணர்வதற்குள் 260 மோடங்களும் மறுபடி கேட்கின்றன. அட்டவணையில் காலி 40 மட்டுமே. 40 வீடுகளுக்குக் கிடைக்கும், 220 வீடுகள் வெளியே நிற்கும். அந்த 220 வீடுகளுக்கும் முகவரி இருக்கிறது, அவர்கள் பெயரிலேயே! இதைத் தவிர்க்க, புதிய முகவரி தேடுமுன் 'இந்தச் சாவிக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறதா?' என்று முதலில் தேடும்படி செய்யலாம். அப்போது புதிதாக ஒரு முகவரிகூடத் தேவைப்படாது.

ஆனால் சாவி எது? தொலைபேசிக் காலத்தில் கருவியின் துளை எண்ணைச் சாவியாக வைத்தார்கள். அகலப்பட்டை இணைப்பில் அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். மாறினால் செர்வர் உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும். மோடத்தின் வன்பொருள் முகவரியைச் சாவியாக வைத்தால் அடையாளம் தெரியும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி வேறுபாடு. 220 வீடுகள் அதில் தொங்குகின்றன.

இன்னொரு சிக்கல். 260 பேரும் ஒரே நொடியில் கேட்டால், இரண்டு செர்வர்கள் ஒரே காலி வரிசையைப் பார்த்துவிடாதா? பார்க்கும். ஆகவே வரிசையைப் படிக்கும்போதே அதைப் பூட்டிவிட்டு, எழுதி முடித்த பிறகு திறக்கிறார்கள். மற்றவர் பூட்டு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டம் அதிகமானால் இந்தக் காத்திருப்பே பெரிய நெரிசலாகிவிடும். போஸ்ட்கிரெஸ்-கியூஎல் 9.5-இலும் மைஎஸ்கியூஎல் 8-இலும் இதற்கு ஒரு வழி வந்தது: பூட்டிய வரிசை முன்னால் நின்று காத்திராமல், அதைத் தாண்டி அடுத்த காலி வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று கவனித்தீர்களா? இந்த அட்டவணைக்கு நேற்று என்பது தெரியாது. இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒரு முகவரியிலிருந்து மோசடி நடந்ததாகப் புகார் வந்தால், அன்று அந்த நேரத்தில் அது யார் வீட்டில் இருந்தது என்று தேட வேண்டும். அதற்கான தொடக்க, முடிவு நேரங்கள் கணக்குப் பதிவு என்ற வேறோர் அட்டவணையில் இருக்கின்றன. அதில் நேரம் தவறினால், அந்த முகவரியை அடுத்து வாங்கிய வீட்டின் மேல் பழி விழும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கணினியில் எஸ்கியூலைட் இருந்தால் போதும். ஐந்து வரிசை உள்ள அட்டவணை ஒன்றை அமையுங்கள். குத்தகை 2 நிமிடம். நண்பர்கள் ஆறு பேர் முகவரி கேட்கட்டும். ஆறாவது ஆளுக்கு என்ன பதில் வருகிறது, இரண்டு நிமிடம் கழித்து அவரே கேட்டால் யாருடைய முகவரி அவருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள்.