அராகேரியாவும் தூஜாவும்: தோட்டத்திற்கேற்ற இரு கூம்பு மரங்கள்

பசுமை மாறாத கூம்பு மரங்களுள் நாற்றுப் பண்ணைகளில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, கிறிஸ்துமஸ் மரம் என்று பலரும் அழைக்கும் அராகேரியா. மற்றொன்று, மயில் தோகை போன்ற தட்டையான இலைக்கொத்துகளையுடைய தூஜா. தொட்டியில் முழங்கால் உயரத்தில் நிற்கும்போது இவ்விரண்டும் ஒரே வகையான அலங்காரச் செடிகளாகவே தோன்றும். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒன்று கட்டடத்தைக் கடந்து உயர்ந்து நிற்கும். மற்றொன்று வாயிற்படியருகே ஆளுயரத்தைச் சற்றே தாண்டியிருக்கும். இவ்வேறுபாட்டை நடுவதற்கு முன்னரே அறியாவிடில், நன்றாக வளர்ந்த மரமொன்றை வெட்டிவிட நேரும். எனவே எலப்புள்ளி முதலிய பாலக்காட்டுச் சமவெளி ஊர்களுக்கும், இடுக்கி மாவட்டத்தின் மலையூர்களுக்கும் எது பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

கூம்பு மரம் எது?

விதைகள் கனிக்குள் மூடப்படாமல், கூம்பின் செதில்கள்மீது திறந்த நிலையில் அமைந்திருக்கும் மரங்களே கூம்பு மரங்கள். தோற்றத்தை மட்டும் கொண்டு இவற்றை அறிய முயன்றால் தவறு நேரிடும். மலையாளத்தில் சூளமரம் எனப்படும் சவுக்கு ஊசியிலை மரம்போல் காணப்படினும், அது பூக்கும் தாவரமேயாகும். அதன் ‘ஊசி’ உண்மையில் இலையன்று. கணுக்களையுடைய மெல்லிய கிளை. அதை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்றுவரும். கணுவில் பல்போல் சூழ்ந்திருக்கும் நுண்ணிய செதில்களே இலைகள். இதற்கு மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பசுமைக் காடுகளில் வளரும் நிரம்பாலி அகன்ற இலைகளையுடையது. முதற்பார்வையில் எவரும் அதைக் கூம்பு மரமென்று கருதமாட்டார்கள். எனினும் இம்மலைகளில் இயற்கையாக வளரும் கூம்பு மரம் அதுவே. அராகேரியாவும் தூஜாவும் அயல்நாடுகளிலிருந்து வந்தவை.

இடத்தின் இயல்பு

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் தாழ்ந்த நிலத்தில் எலப்புள்ளி அமைந்துள்ளது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பெய்யும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய் வழியாக விரைந்து வீசும். அதனைத் தொடர்ந்து கோடையில் கடும் வெப்பம் நிலவும். மழைக்காலத்தில் வேரடியில் நீர் தேங்குதலும், மழை நின்றபின் இலையிலிருந்து நீர் மிகுதியாக ஆவியாதலும் இங்கு மரங்களுக்கு நேரும் இருபெரும் சோதனைகளாகும். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறு போன்ற ஊர்களில் வெப்பம் தணிந்தும் ஈரப்பதம் மிகுந்தும் இருக்கும். ஆங்காங்கே பள்ளங்களில் குளிர்கால இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு.

அராகேரியா

பசிபிக் பெருங்கடலிலுள்ள நார்ஃபோக் தீவு ஓர் இனத்திற்கும், நியூ கலெடோனியா மற்றோர் இனத்திற்கும் தாயகம். கேப்டன் ஜேம்ஸ் குக் 1774ஆம் ஆண்டில் இவ்விரு இடங்களையும் கண்டார். நியூ கலெடோனியாவின் கரையில் நெடிதுயர்ந்து நின்றவை மரங்களா, கற்றூண்களா என்ற விவாதம் அவருடைய கப்பலில் எழுந்தது. மரங்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இம்மரம் குக் பைன் என்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. நார்ஃபோக் பைன் என்ற பெயரில் வெப்ப நாடுகளில் விற்கப்படும் கன்றுகளுள் பல உண்மையில் குக் பைன்களே. இளமையில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடினம். முதிர்ந்த நார்ஃபோக் பைன் அகன்ற அடியுள்ள கோபுரமாகவும், குக் பைன் ஒடுங்கிய தூணாகவும் நிற்கும்.

குக் பைனுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இம்மரங்கள் சராசரியாக 8.5 பாகையளவு பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கின்றன என்று காட்டியது. வடகோளத்தில் அச்சாய்வு தெற்கு நோக்கியது. ரேகையிலிருந்து விலகிச் செல்லச் செல்லச் சாய்வு மிகுவதால், நம் பகுதியில் அது குறைவாகவே இருக்கும்.

அராகேரியாவின் கிளைகள் நடுத்தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகத் தோன்றுவதே அதன் அழகுக்குக் காரணம். அந்த ஒழுங்கு நுனிமொட்டைப் பொறுத்தது. நுனியை வெட்டினால் ஒன்றோ பலவோ புதிய தலைகள் கிளம்பி உருவம் குலைந்துவிடும். பக்கக் கிளையை வெட்டி நட்டால், அது வேர்விட்டாலும் நிமிர்ந்து வளராமல் கிடையாகவே படரும். ஆதலால் இம்மரத்தை விதையிலிருந்தே வளர்ப்பது வழக்கம். இழந்த கீழ் அடுக்கும் பழைய உருவில் மீளாது. சுருங்கக் கூறின், அராகேரியா கத்திக்கு அடங்காத மரம். தாயகத்தில் 50 மீட்டருக்கு மேலும் உயரும் இதனை வெட்டிச் சிறியதாக வைத்திருக்க இயலாது.

தூஜா

தூஜாவின் தாயகம் சீனாவும் அதைச் சூழ்ந்த கிழக்காசியப் பகுதிகளுமாகும். லின்னேயஸ் 1753இல் இதற்குத் தூஜா ஓரியன்டாலிஸ் என்று பெயரிட்டார். தாவரவியலார் இப்போது இதனைப் பிளாட்டிகிளாடஸ் என்னும் தனிப் பேரினமாகக் கொள்கின்றனர். ‘தட்டையான கிளை’ என்பது அச்சொல்லின் பொருள். தோட்டக்காரர்களிடையே பழைய பெயரே நிலைத்துவிட்டது. செதில் போன்ற சிற்றிலைகள் நெருங்கி ஒட்டிய இலைக்கொத்துகள், புத்தகத்தின் ஏடுகள்போல் செங்குத்தாக நிற்கும். கொத்தின் இருபுறமும் ஒரே நிறமாயிருக்கும். ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள கூம்புகள் முதலில் நீலப் பூச்சுடன் சதைப்பற்றாக இருந்து, முற்றியபின் மரத்தன்மை அடைந்து வெடிக்கும். செதிலின் நுனியில் கொக்கி போன்ற வளைவு உண்டு.

இது மெதுவாக வளரும். வெப்பத்தையும் ஓரளவு வறட்சியையும் தாங்கும். பசுமையான நுனிகளை இலேசாகக் கத்தரித்து உருவம் அமைக்கலாம்; வேலியாகவும் வளர்க்கலாம். ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இலையற்ற பழைய கட்டைவரை வெட்டினால் அவ்விடம் மீண்டும் துளிர்ப்பது அரிது. உட்புற இலைகள் முதிர்ந்து பழுப்பாதல் இயல்பே. வெளிப்புறம் பழுப்பேறுவதே நோய்க்குறி.

எது எங்கு ஏற்றது?

1. இடம்: அராகேரியாவுக்குக் கட்டடம், மதில், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகிய திறந்தவெளி தேவை. தூஜாவுக்கு மதிலிலிருந்து 2 மீட்டர் போதும்.

2. வெளிச்சம்: தூஜாவுக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் அடர்த்தி குறையும். அராகேரியாக் கன்று சில ஆண்டுகள் நிழலைத் தாங்கும். நிழலில் வைத்திருந்ததைத் திடீரென வெயிலில் நட்டால் இலை கருகும்.

3. தட்பவெப்பம்: எலப்புள்ளிப் பகுதியின் சிறு முற்றங்களுக்குத் தூஜாவே பாதுகாப்பான தேர்வு. விசாலமான விளையாட்டுத் திடலின் ஓரத்தில், கோடையில் நீர் ஊற்ற ஆளிருந்தால், அராகேரியா ஒன்றை நடலாம். இடுக்கியின் ஈரமான மலைச்சரிவுகளில் அராகேரியா செழிக்கும். உறைபனி விழும் பள்ளங்களில் இளங்கன்றை இரவில் மூடிக் காக்க வேண்டும்.

நடுதலும் பேணுதலும்

பருவமழை தொடங்கியபின் நடுதல் நன்று. 60 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியெடுத்து, மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுஉரத்தைக் கலந்து நிரப்ப வேண்டும். சித்தூர் வட்டத்தின் கிழக்கே காணப்படும் கரிசலில் நீர் எளிதில் வடியாது. அங்கு மணல் கலந்து மேடாக்கிய பாத்தியில் நடுதல் வேண்டும். இரு மரங்களும் வேரடியில் நீர் தேங்குவதைப் பொறுக்கமாட்டா.

தொட்டியில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அவ்வாறே நட்டால் வேர் பக்கவாட்டில் பரவாமல், மரம் உயர்ந்த பின்னர்க் காற்றில் சாயக்கூடும். ஆதலால் வேர் சுற்றாத இளங்கன்றையே வாங்குதல் வேண்டும். அராகேரியாவின் வேர்க்கட்டியைக் கலைத்தல் கூடாது.

கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கன்றின் கிழக்குப் புறத்தில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டலாம். அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும். அவை தண்டைத் தொடாதிருக்க வேண்டும். முதல் மூன்று கோடைகளில் நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை ஆழமாக நீர் பாய்ச்சுதல் வேரைக் கீழ்நோக்கிச் செலுத்தும்.

வறண்ட காலத்தில் தூஜாவைச் சிவப்புச் சிலந்திப் பேன் தாக்குவதுண்டு. வெள்ளைத் தாளின்மீது கிளையைத் தட்டினால், ஊர்ந்து செல்லும் நுண்ணிய புள்ளிகளாக அது தென்படும். தொடக்கத்திலேயே இலைக்கொத்துகளை நீரால் வேகமாகக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிடில் மருந்து தெளிக்குமுன் ஊரிலுள்ள கிருஷி பவனின் ஆலோசனையைப் பெறுதல் நன்று. தூஜாவின் இலையும் விதையும் உண்ணத்தக்கவையல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே கூறிவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

பாலக்காட்டின் கிழக்கு ஊர்களிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளில் பின்வரும் பயிற்சிகளை எளிதாக நடத்தலாம்.

அ. சவுக்கின் ‘ஊசி’யொன்றைக் கணுவில் கழற்றச் செய்து, அதனைத் தூஜாவின் இலைக்கொத்துடன் ஒப்பிடுக.

ஆ. தூஜாவின் முற்றிய கூம்பைப் பிரித்து, விதை எதன்மீது அமைந்துள்ளது என்று காணச் செய்க.

இ. அருகில் உயர்ந்த அராகேரியா இருப்பின், நூற்குண்டைத் தொங்கவிட்டு அம்மரம் சாய்ந்துள்ளதா, எத்திசையில் என்று குறித்துக்கொள்ளச் செய்க.

ஈ. பள்ளி முற்றத்தை நாடாவால் அளந்து, 10 மீட்டர் விலகிய இடம் எங்குள்ளது என்று வரைபடத்தில் காட்டச் செய்க. அத்தகைய இடம் இல்லையெனில், அம்முற்றத்திற்கு அராகேரியா வேண்டாம் என்ற முடிவுக்கு மாணவர்கள் தாமாகவே வருவர்.

கன்றின் அழகு தொட்டியில் தெரியும். மரத்தின் அளவு தெரியாது. நடும் கை அளவுநாடாவை முதலில் எடுத்தால், பின்னொரு நாள் கோடரியை எடுக்க வேண்டியிராது.