தண்ணீருக்கு வழி விடு

அன்புள்ள மதிவதனிக்கு,



நீ வாங்கிய பழைய காரில் முன்பக்க இடது இருக்கைக்குக் கீழே மேட் நனைந்து கிடப்பதாகவும், கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடை அடிப்பதாகவும் எழுதியிருந்தாய். முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்களாம், பூசட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பூசாதே கண்ணு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்கு முன்னால் எதையும் பூசக் கூடாது. டிங்கரிங் பட்டறையிலேயே வாழ்க்கையைக் கழித்தவன் என்ற உரிமையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். கார் என்பது தண்ணீரே புகாத பெட்டி இல்லை. மழைத் தண்ணீர் பல இடங்களில் உள்ளே வரத்தான் செய்யும், வந்தது வெளியே போக வழியும் வைத்திருப்பார்கள். கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் இறங்கும் தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் போய், அடியில் இருக்கும் துளைகள் வழியாகத் தரையில் விழும். வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் சல்லடைக்குள் விழும் தண்ணீர் இரண்டு ஓரங்களிலும் வடிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் இறங்கும். ஆலையை விட்டு வருவதற்கு முன் காரைச் செயற்கை மழைக்கூடத்தில் நிறுத்திச் சோதிப்பது வழக்கம். அந்தச் சோதனையில் தேறிய கார் நாலைந்து வருடம் கழித்து நனைகிறது என்றால், புதிதாக ஓட்டை விழுந்ததா என்று தேடுவதற்கு முன், பழைய வடிகால் எது அடைத்துக்கொண்டது என்று தேடு. என் அனுபவத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு அடைப்பை எடுத்தாலே போதுமாக இருந்தது. அதற்கு ஒரு கம்பியும் பொறுமையும் போதும்.

எப்போது நனைகிறது என்பதைக் கவனி. மழையே இல்லாத நாளில் நனைகிறதா? நிறுத்தி வைத்த வண்டியில் மழை பெய்தால் நனைகிறதா, மழையில் ஓட்டினால் மட்டுமா? வாட்டர் வாஷ் போட்ட மறுநாள் மட்டுமா? இதற்குப் பதில் கிடைத்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

வெயில் காலத்திலும் நனைகிறது, அதுவும் இடது பக்கத்தில் என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது ஏசியைத்தான். குளிர்ந்த தண்ணீர் உள்ள சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏசியின் குளிர்கூண்டின் மேல் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும். நீ இருக்கும் சென்னையின் காற்றில் ஈரம் அதிகம், அதனால் அங்கே இந்தத் தண்ணீரும் அதிகம். இது ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூண்டிலேயே தேங்கி, வழிந்து, கால் வைக்கும் இடத்தில் இறங்கிவிடும். திருப்பத்தில் வண்டி சாயும்போது டேஷ்போர்டுக்குள் சளக் என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

சோதிப்பது எளிது. காய்ந்த தரையில், காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, ஏசியை முழுக் குளிரில் இருபது நிமிடம் விடு. அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்து சிறு குட்டை கட்ட வேண்டும். தரை காய்ந்தே இருந்தால் குழாய் அடைபட்டிருக்கிறது. மெக்கானிக் வண்டியைத் தூக்கி, அடியிலிருந்து அந்தக் குழாயில் மெல்லிய நைலான் கம்பியை விட்டுச் சுழற்றினால் தண்ணீர் கொட்டும். கூரான இரும்புக் கம்பியை விட வேண்டாம். மேலே இருக்கும் கூண்டில் குத்திவிட்டால் கேஸ் போய்விடும், செலவு பல மடங்காகும்.

தண்ணீரைத் தொட்டும் பார். ஏசித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வழுவழுக்காது. விரலில் பிசுபிசுத்து, பச்சையோ இளஞ்சிவப்போ நிறம் காட்டி, இனிப்பாக வாசனை வந்தால் அது கூலன்ட். சென்னையில் நீ ஹீட்டரைப் போடவே மாட்டாய். ஆனாலும் டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு சிறு ரேடியேட்டர் இருக்கும், பல வண்டிகளில் எஞ்சினின் சூடான தண்ணீர் அதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது கசிந்தால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவியதுபோல் மங்கும், பானெட்டுக்குள் இருக்கும் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வரும். கூலன்ட் விஷம். நக்கிப் பார்க்காதே, நாயும் பூனையும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள். இந்த வேலையைத் தள்ளிப்போடவும் கூடாது, எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

மழை பெய்தால்தான் நனைகிறது என்றால் வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிறுத்துகிறாயா என்று பார். பானெட்டைத் திற. வைப்பர் பக்கத்துச் சல்லடை ஓரங்களில் மக்கிய இலை, பூ, மண் எல்லாம் கஞ்சியாகிக் கிடக்கும். வடிகாலை அது அடைத்துவிட்டால் தண்ணீர் தொட்டியாகத் தேங்கி, ஏசிக்குக் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே விழுந்துவிடும். பல வண்டிகளில் அந்த வாயும் இடது பக்கம்தான். அதனால்தான் ஏசிக் கசிவும் இந்தக் கசிவும் ஒரே மேட்டை நனைக்கின்றன, அனுபவமுள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். பிரித்தறிய ஓர் அடையாளம் சொல்கிறேன். டேஷ்போர்டில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை வெளியே எடு. அது நனைந்து, இலைத்தூள் ஒட்டியிருந்தால் தண்ணீர் மேலே இருந்து வருகிறது. சல்லடை ஓரத்துக் குப்பையைக் கையால் அள்ளிவிட்டு அங்கே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்று, சக்கரத்தின் பக்கம் சரசரவென்று இறங்கிவிட வேண்டும். அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வருடாவருடம் இதைச் செய்.

உன் வண்டிக்கு சன்ரூஃப் உண்டா என்று நீ எழுதவில்லை. இருந்தால் மழைத் தண்ணீர் அதன் ரப்பரைத் தாண்டி இறங்கும், அது இயல்புதான். சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கும், பெரும்பாலும் நான்கு மூலைகளிலிருந்து நான்கு குழாய்கள் தூண்களுக்குள் இறங்கும். ஒரு குழாய் அடைத்தாலும் கூரைத் துணியில் பழுப்புக் கறை வரும், இல்லையென்றால் தூணுக்குள்ளேயே இறங்கிக் காலடியை நனைக்கும். சன்ரூஃபைத் திறந்து மூலை வாய்க்காலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அது அடியில் எங்கே வருகிறது என்று பார். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்ய விடாதே. உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டி வரும்.

கதவுகளைப் பற்றி நான் சொல்வதை நீ மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லலாம். கதவின் உள் அட்டையைக் கழற்றினால், பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றியவரோ பவர் விண்டோ பழுது பார்த்தவரோ அதைக் கிழித்துவிட்டு, எதற்கு இந்தக் குப்பை என்று தூக்கி எறிந்திருப்பார். கதவின் வயிற்றுக்குள் இறங்கும் தண்ணீரைக் காருக்குள் வரவிடாமல் தடுப்பது அந்த ஒரு தாள்தான். பழைய கார் வாங்கியவர்கள் புது ஸ்பீக்கரைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கூடவே கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகளைக் குச்சியால் குத்திப் பார். துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கும் கருப்புப் பூச்சே சில நேரம் அவற்றை மூடிவிடும். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலையும் சத்தம் வந்தால் இதுதான் காரணம்.

இத்தனை வடிகால்களும் சரியாக இருந்து இன்னமும் நனைந்தால், ஓட்டையைத் தேடலாம். கதவு பீடிங்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழு. இறுக்கமாக வர வேண்டும், தளர்வாக வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின் விளக்குகளின் ரப்பரையும், பின்பக்கம் இடி வாங்கி வேலை பார்த்த தடத்தையும் பார். ஹாரன், ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபயர் என்று பிற்பாடு மாட்டிய ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் பக்கத்திலிருந்து ஒயர் இழுக்க யாரோ ஒரு ரப்பரைக் குத்திக் கிழித்திருப்பார்கள். கூரையில் ஆன்டெனா உட்காரும் இடத்தையும் பார். காரின் தரைத் தகட்டில் ரப்பர் மூடிகள் இருக்கும். ஆலையில் பெயின்ட் குளியலின்போது பெயின்ட் வடிவதற்காக விட்ட துளைகள் அவை. ஒன்று காணாமல் போயிருந்தால் தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது மட்டும் நனையும்.

தேடும்போது தண்ணீரின் குணத்தை மறக்காதே. நுழையும் இடத்தில் அது நிற்காது. தகட்டின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும், ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டும் நகர்ந்துபோய் எங்கேயோ சொட்டும். முன்னால் நுழைந்து பின்னால் தேங்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளே எல்லாவற்றையும் முதலில் நன்றாகக் காயவை. சந்தேகப்படும் மடிப்புகளில் முகப்பவுடரைத் தூவு, தண்ணீர் வந்த தடம் அதில் கோடாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே சாதாரண ஹோஸ் குழாயை மெதுவாக விடட்டும். கீழே தொடங்கி, ஓரிடத்தில் நாலைந்து நிமிடம் நின்று, ஒன்றும் இல்லையென்றால் மட்டும் ஒரு சாண் மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் விளங்காது. வாட்டர் வாஷ் துப்பாக்கி இதற்கு ஆகவே ஆகாது. அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரும் தண்ணீரை விட்டுவிடும், குற்றமில்லாத இடத்தைக் குற்றவாளியாக்கிவிடும்.

முன் கண்ணாடிதான் கசிகிறது என்று இப்படிச் சோதித்து நிச்சயமானால்கூட சிலிக்கான் வேண்டாம் என்கிறேன். கடையில் கிடைக்கும் மலிவான சிலிக்கான் காயும்போது வினிகர் நெடி வரும், அது அசிட்டிக் அமிலம். பெயின்ட் போன தகட்டில் அது பட்டால் துரு வேகமாகும். வெளியே பூசியதால் உள்ளே ஏற்கெனவே நிற்கும் தண்ணீரும் அடைபடும். பிறகு முறையாக ஒட்ட வரும்போது சிலிக்கான் பட்ட இடத்தில் யூரித்தேன் பசை பிடிக்காது. அந்தக் கண்ணாடி காற்றுக்கும் மழைக்கும் மட்டுமான தடுப்பு இல்லை. விபத்தில் கூரையைத் தாங்க அது உதவுகிறது, பல வண்டிகளில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது அதன் மேல்தான் மோதி விரிகிறது. அதனால் கண்ணாடியை எடுத்து, விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, யூரித்தேனால் ஒட்டச் சொல். பசை இறுகும் நேரம் முடியும்வரை வண்டியை எடுக்க அவசரப்படாதே.

கசிவை நிறுத்திவிட்டாலும் வேலை முடியாது. கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அதன் அடியில் இருக்கும் தடித்த ஸ்பாஞ்ச் பிழியப் பிழியத் தண்ணீர் விடும். வெயிலில் கதவைத் திறந்து வைப்பதால் மட்டும் அது காயாது. இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் ஃபேன் காற்றை விட வேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒயரோ இணைப்போ தெரிந்தால் அது ஏர்பேக்கைச் சேர்ந்தது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதைத் தொடக் கூடாது, இதை நீயே செய்ய வேண்டாம். தகட்டில் துரு இருந்தால் அப்போதே தேய்த்து பிரைமர் அடித்துவிடச் சொல். சில வண்டிகளில் மின்னணுப் பெட்டிகளும் இந்தக் காலடியில்தான் இருக்கின்றன. பூட்டு தானாகத் திறப்பது, விளக்கு கண்டபடி எரிவது போன்ற கோளாறுகள் பல ஈரத்தில் தொடங்குபவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீ வாங்கியது சென்னை வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார். கடைசி முழத்தில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால், இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் ஒரே அளவில் துரு இருந்தால், நீ தேடுவது கசிவே இல்லை, வெள்ளத்தில் நின்ற வண்டி. விற்றவரிடம் அதை வைத்துப் பேச வேண்டும், நான் வந்து பேசுகிறேன். இனி எப்போதாவது உன் வண்டியைச் சுற்றி வெள்ளம் ஏறினால், தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் திருப்பிப் பார்க்காதே. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுவை வண்டியைக் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை ஏசிச் சோதனையையும் ஃபில்டரையும் முதலில் பார்த்துவிடு. ஃபில்டரின் இரண்டு பக்கமும், வைப்பர் சல்லடையின் ஓரமும், கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரியும் தகடும் போட்டோ எடுத்து அனுப்பு. சன்ரூஃப் உண்டா, முன் கண்ணாடி எப்போதாவது மாற்றியதா என்பதையும் எழுது. பழைய சர்வீஸ் பில்கள் கையுறைப் பெட்டியில் இருந்தால் அவற்றையும் பார்.

அன்புடன்,
உன் பெரியப்பா
கோயம்புத்தூர்