வீட்டு முற்றமே முதற் பள்ளி

நெல் பயிரிடுவோர் நாற்றங்காலுக்கென நல்ல நிலத்தைத் தேர்ந்தெடுத்து, சேறு பதமாக உழுது, அளவறிந்து தண்ணீர் கட்டிப் பாதுகாப்பர். ஓர் ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். ஆயினும் அந்த எட்டு சென்டில் நேர்ந்த குறையை நடவு வயலில் எவ்வளவு எரு இட்டாலும் முற்றும் ஈடு செய்ய இயலாது என்பதை உழவர் நன்கறிவர். மனித வாழ்விலும் இத்தகைய பருவம் ஒன்று உண்டு. பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள காலமே அது. இரண்டு வயது நிரம்புவதற்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் அடைந்துவிடுகிறது. நடை, பேச்சு, கைத்திறன் யாவும் அப்பொழுதே வேர் கொள்கின்றன.

இப்பருவத்தில் குழந்தைக்கு ஏடும் எழுத்தாணியும் வேண்டுவதில்லை. தொட்டும், ஊற்றியும், அடுக்கியும், தள்ளியுமே அது உலகை அறிகிறது. அவ்வறிவை வீட்டுப் பொருள்களைக் கொண்டே ஒழுங்காக வளர்க்கும் வழியையும், அதில் ஊராட்சி ஆற்ற வேண்டிய பங்கையும் இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டாக முடிச்சூரைக் கொள்வோம்.

முடிச்சூரின் நிலை

செங்கற்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்துக்கு மேற்கே அடையாற்றை அடுத்து அமைந்த ஊர் முடிச்சூர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதியில், சென்னை நகரம் தெற்கே பரவியதன் பயனாக வயல்கள் வீட்டு மனைகளாயின. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது முடிச்சூர் அதிற் சேராது ஊராட்சியாகவே நின்றது. நகரின் நெருக்கமும் சிற்றூரின் நிர்வாகமும் ஒருங்கே கூடிய இடம் இது. மாநிலத்தின் பல ஊர்கள் இன்று இந்நிலையை நோக்கியே செல்கின்றன.

களத்துமேடும், தொழுவமும், வேப்பமர நிழலும் இருந்த காலத்தில் குழந்தையின் விளையாட்டுக்கு எவரும் திட்டம் வகுக்க வேண்டியிருக்கவில்லை. வைக்கோலும் மண்ணும் கோழியும் கன்றுமே ஆசிரியர்களாக நின்றன. அடுக்கு வீட்டிலும் ஒற்றை அறையிலும் வளரும் குழந்தைக்கு அவை எட்டுவதில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, அழும் குழந்தையின் கையில் செல்பேசியைக் கொடுத்து அமர்த்தும் வழக்கம் பரவியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிகளின்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை காட்டுதல் தகாது. இரண்டு வயதைக் கடந்த பின்னும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. ஓராண்டு நிரம்பிய குழந்தை நாள்தோறும் 180 நிமிடங்களேனும் ஓடியாடித் திரிய வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன.

அங்கன்வாடி இருக்கிறதே என்று நாம் எண்ணலாம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், பேரளவு நற்பணி ஆற்றியுள்ளது. ஆயினும் அதன் முன்பருவக் கல்வி மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ளோர்க்கே உரியது. அதற்கு முந்திய குழந்தைக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. விளையாட்டை வீட்டாரே தர வேண்டும். இதனை உணர்ந்தே மத்திய அரசு 2024-ஆம் ஆண்டில் ‘நவசேதனா’ என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. பிறப்பு முதல் 36 மாதங்கள் வரை வீட்டிலும் காப்பகத்திலும் செய்யத்தக்க 140 செயல்கள் அதில் மாத வாரியாக வகுக்கப்பட்டுள்ளன.

முன்னோரும் பிறரும் கண்ட வழி

இக்கருத்து நமக்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, உழவர் வாழும் மருதநிலத்து ஊரைக் காட்டுகையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டி உருட்டித் தளர்ந்த சிறுவர் பாலுண்டு உறங்கும் காட்சியை அமைத்துள்ளது. ஏறி ஊர்வதற்கன்றி, தள்ளி நடை பழகுவதற்கே உரிய தேர் அது. இன்றைய நடைவண்டிக்கு முன்னோடி எனலாம். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, தலையெடுத்து ஆடும் செங்கீரைக்கும், கைகொட்டும் சப்பாணிக்கும், தளர்நடையிடும் வருகைக்கும், நிலவை அழைக்கும் அம்புலிக்கும் தனித்தனி இடம் அளித்தன. பருவத்துக்கேற்ற விளையாட்டு என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது.

முடிச்சூரை அடுத்து ஓடும் அடையாறு கடலொடு கலக்கும் இடத்தில் பிரம்ம ஞான சபையின் தோட்டம் உள்ளது. இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி 1939-ஆம் ஆண்டில் அங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுவதும் நம் நாட்டிலேயே தங்கி, 1946-ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பினார். தண்ணீர் ஊற்றுதல், பொத்தான் இடுதல் போன்ற அன்றாட வேலைகளையே சிறுவர்க்குப் பாடமாக்கியவர் அவர். மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார், 1945-ஆம் ஆண்டு முதல் போர்டி என்னும் ஊரில், பள்ளிக்கு வர இயலாத ஏழைக் குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். ‘அங்கன்’ என்னும் சொல்லுக்கு முற்றம் என்பதே பொருள்.

இவ்விளையாட்டினால் விளையும் பயன் அளந்து அறியப்பட்டதும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், 1986–87-ஆம் ஆண்டுகளில், வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தேர்ந்தனர். அவர்கள் 9 முதல் 24 மாதம் வரை வயதுடையோர். அவருள் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சென்று, கையாற் செய்த எளிய பொருள்களைக் கொண்டு குழந்தையோடு விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினர். இரண்டாண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளின் வருவாய், அவ்வுதவி பெறாதோர் வருவாயினும் 25 சதவீதம் மிகுந்திருந்ததாக 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. விலையுயர்ந்த பொம்மை எதுவும் அங்கே வாங்கப்படவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஒரு பொருள்

பலவற்றை ஒரே நாளில் காட்டினால் குழந்தையின் மனத்தில் ஒன்றும் நிலைப்பதில்லை. ஒரு வாரம் முழுவதும் ஒரே பொருளைப் பல வகையிற் காட்டினால், அதே சொல் பல செயல்களோடு இணைந்து வேர் ஊன்றுகிறது. ‘தண்ணீர்’ என்னும் சொல்லைக் குழந்தை குடிக்கும்போதும், குளிக்கும்போதும், மழை பெய்யும்போதும், செடிக்கு ஊற்றும்போதும் கேட்கட்டும். நம் மாநில அங்கன்வாடிகளுக்கு வகுக்கப்பட்ட ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் இவ்வாறு பொருள்வாரியாக அமைந்ததே. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி ஒதுக்கினாற் போதும். தாயே செய்ய வேண்டும் என்பதில்லை. தந்தை, பாட்டி, தாத்தா, அண்ணன், அக்காள் எவரும் செய்யலாம். ஒரு மாதத்துக்குரிய நான்கு பாடங்களைக் கீழே தருகிறோம்.

*முதல் வாரம்: தண்ணீர்.* அகன்ற தாம்பாளத்தில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் வைத்து, ஒரு குவளையும் மழமழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சியும் தருக. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றுவதால் கையும் கண்ணும் ஒத்து இயங்கப் பழகும். இலையையும் கரண்டியையும் இட்டு, எது மிதக்கிறது, எது மூழ்குகிறது எனக் காட்டுக. ‘நிறைந்தது’, ‘காலி’, ‘குளிர்ச்சி’, ‘ஈரம்’ ஆகிய சொற்களைச் செயலோடு சேர்த்துச் சொல்லுக.

*இரண்டாம் வாரம்: சமையற்கட்டு.* ஒன்றனுள் ஒன்று அடங்கும் பாத்திரங்களும் மூடிகளும் சிறந்த விளையாட்டுப் பொருள்கள். ஒன்றரை வயதுக் குழந்தை உள்ளே போட்டு வெளியே எடுப்பதில் மகிழும். இரண்டு வயதுக் குழந்தை எந்த மூடி எதற்குப் பொருந்தும் என்று தேடும். உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் கலந்து வைத்து இரண்டு கூடைகளிற் பிரிக்கச் சொல்லலாம். பிசைந்த கோதுமை மாவைக் கிள்ளியும் உருட்டியும் பழகும் விரல்களே பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கும். தட்டில் அரிசி மாவைப் பரப்பி விரலாற் கோடிழுக்கச் செய்வது அதன் முதற் கோலம்.

*மூன்றாம் வாரம்: இலையும் உயிரும்.* வாழை, மா, வேம்பு இலைகளைக் கொணர்ந்து பெரியது, சிறியது, வழவழப்பு, சொரசொரப்பு, மணம் ஆகியவற்றைக் காட்டுக. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் காட்டினால் குழந்தை ஒலியைத் தேடித் திரும்பும். காகம், கோழி, பசு இவற்றைக் கண்ட இடத்தில் அவற்றின் குரலையும் பெயரையும் சொல்லுக. முடிச்சூர் மக்களுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா அண்மையில் உள்ளது; ஆயினும் தெருவிற் செல்லும் பசுவே முதற் பாடம். அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியவற்றின் அருகே குழந்தையை விடலாகாது.

*நான்காம் வாரம்: வண்டி.* நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டியும், நன்கு நடக்கும் குழந்தைக்கு அண்ணன் செய்து தரும் பனங்காய் வண்டியும் ஏற்றவை. காலி அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்தால் புகைவண்டி ஆகிவிடும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார வண்டி ஓடுகிறது. அதன் ஒலியைக் கேட்டு வளரும் குழந்தை, ‘போகிறது’, ‘நின்றது’, ‘வேகம்’, ‘மெல்ல’ என்னும் சொற்களை எளிதில் பற்றிக்கொள்ளும்.

நான்கு வாரங்களுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. பொருளைத் தந்த பின் பெரியவர் சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். குழந்தை எதைப் பற்றுகிறதோ அதன் பெயரைச் சொல்லுக. அது ஒரு சொல் கூறினால் இரண்டு சொல்லாகத் திருப்பித் தருக. தவறாகச் செய்தால் கையைத் தட்டிவிடாமல், மீண்டும் செய்து காட்டினாற் போதும். ஒரே செயலை இருபது முறை செய்தாலும் தடுக்க வேண்டா. அதுவே குழந்தையின் உழைப்பு.

காவல்

எலுமிச்சம்பழத்தினும் சிறிய பொருளை மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கையில் தனியே விடலாகாது. புளியங்கொட்டை, நிலக்கடலை, பொத்தான், கோலிக்குண்டு இவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கடிகாரங்களிலும் பொம்மைகளிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினால், அது உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பொம்மையிற் கட்டும் கயிறு ஒரு சாணுக்கு மிகாதிருக்கட்டும். கடையில் வாங்கும் பொம்மைகளுக்கு 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது, அதைப் பார்த்து வாங்குக.

தண்ணீரைப் பற்றித் தனியே கூற வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களில் மக்கள் படகுகளில் மீட்கப்பட்டதை நாடறியும். வெள்ளம் எப்பொழுதோ வருவது. வாளித் தண்ணீர் நாள்தோறும் வீட்டில் இருப்பது. தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்தே. விளையாட்டு முடிந்தவுடன் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குழந்தையைத் தனியே விட்டு ஒரு நொடியும் அகலலாகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

வீட்டார் செய்வன வீட்டோடு நிற்க, ஊர் கூடிச் செய்ய வேண்டுவனவும் உள்ளன. முதலாவது, திறந்த கிணறு, நிலத்தடித் தொட்டி, கழிவுநீர்க் குழி ஆகியவற்றுக்கு மூடியும் கைப்பிடிச் சுவரும் அமைத்தல். இரண்டாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் மர நிழலோடு கூடிய சிறு மணல் திட்டை ஒதுக்கி, நாயும் வாகனமும் புகாதபடி வேலி இடுதல். மனைப்பிரிவுகளில் பொது உபயோகத்துக்கென விடப்பட்ட இடம் ஆக்கிரமிப்புக்கு இரையாகாமற் காப்பதும் இதில் அடங்கும். மூன்றாவது, அங்கன்வாடியில் விளையாட்டுப் பொருட் பெட்டி ஒன்று வைத்து, நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் பெற்றோர் வாரம் ஒரு பொருளை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தல். உள்ளூர்த் தச்சரும் மகளிர் குழுவினரும் நடைவண்டி, மரக்கட்டை, துணிப்பந்து முதலியவற்றைச் செய்து தரலாம். நான்காவது, மாதம் ஒருமுறை பெற்றோரை அங்கன்வாடியிற் கூட்டி, வரும் நான்கு வாரப் பாடங்களைச் செய்து காட்டச் செய்தல். தந்தையரும் வரத்தக்க நேரத்தில் அது அமைய வேண்டும்.

சாலை, விளக்கு, குடிநீர் ஆகியவற்றுக்காகக் கிராம சபையில் பலர் எழுந்து பேசுகின்றனர். இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுந்து பேச வாயில்லை, வாக்கும் இல்லை. அதற்காகப் பேசும் கடமை உறுப்பினருடையதே. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், ஊரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் விளையாட இடம் எங்கே என்னும் இரு வினாக்களை ஒருவரேனும் எழுப்புவாராக. விடையை அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டிலும் ஊரின் நில வரைபடத்திலும் கண்டு, அக்கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுதல் நலம். அன்று மாலை உறுப்பினர் தம் வீட்டுக் குழந்தையின் முன் ஒரு தாம்பாளமும் இரண்டு குவளையும் வைத்து அமர்வாராயின், தீர்மானம் நிறைவேறத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.