சிங்க்குக்கு அடியில் கொசுப் பண்ணையா?

சித்த வைத்தியருக்குக் குழாய் ரிப்பேரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வருமுன் காப்பதும் வைத்தியம்தானே!

மாங்காடு மாதிரி போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில், தண்ணீரின் உப்பு வால்வுக்குள் படிந்து இறுகிவிடும். திருகினாலும் சரியாக மூடாது, ஓரத்தில் சொட்டும். நாமும் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு மறந்துவிடுவோம். அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஈரத்தில் பூஞ்சையும் கரப்பானும் சேர்ந்தால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகும்.

எனவே, வால்வையே மாற்றிவிடுங்கள். மேல்தொட்டியின் வால்வை மூடி, சிங்க் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். ஒரு ஸ்பேனரால் பைப்பை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் பழைய வால்வைக் கழற்றுங்கள். மரையைத் துடைத்து, வலப்பக்கமாக டெஃப்லான் டேப் சுற்றி, அதே அளவுள்ள பால் வால்வைப் பொருத்துங்கள். வீடுகளில் பெரும்பாலும் அரை அங்குலம்தான். பைப் துருப்பிடித்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

வேலை முடிந்ததும் அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரித்து வையுங்கள். மறுநாள் அது நனையாமல் இருந்தால் கசிவில்லை. பிறகு மாதம் ஒருமுறை வால்வை மூடித் திறந்து வாருங்கள், மறுபடி இறுகாது.